பள்ளிக்கூடத்தில் சுறா மீன்!

ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. படிக்கத்தான் பிள்ளைகள் இல்லை. என்ன செய்யலாம்? இடித்துவிடலாமா?

ஜப்பானில் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. அதனால் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான பள்ளிகளை மூடுகிறார்கள். ஷிகோகு தீவில், முரோட்டோ நகரின் கடலோரத்தில் இருந்த ஷீனா தொடக்கப் பள்ளியையும் 2006ல் மூடிவிட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2018 ஏப்ரலில் அது மீன் காட்சியகமாகத் திறக்கப்பட்டது!

பிள்ளைகள் நீச்சல் பழகிய 25 மீட்டர் குளத்தில் இப்போது கடலாமைகளும் சுறாக்களும் நீந்துகின்றன. உடற்பயிற்சி வகுப்பில் தாண்டிக் குதிப்பார்களே, அந்த மரப்பெட்டிக்குள்ளும் மீன் தொட்டி! வரிசையாக நின்று கை கழுவிய இடத்தில் கடல் உயிரினங்களைத் தொட்டுப் பார்க்கலாம். கரும்பலகையைக்கூட எடுக்கவில்லை. (எனக்கு முதலில் அதைத்தான் பார்க்க ஆசை. டீச்சர் புத்தி போகுமா?)

முதல் ஆண்டிலேயே ஒரு லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். ஆனாலும் அது மறுபடி பள்ளிக்கூடம் ஆகிவிடவில்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள்தான்.

இத்தனை மீன்களை எங்கே வாங்கினார்கள் என்கிறீர்களா? பெரும்பாலும் வாங்கவே இல்லை. உள்ளூர் மீனவர்களின் வலையில் சிக்கி, சந்தையில் விலைபோகாத மீன்கள்தான் இங்கே வந்து சேருகின்றன. அவற்றை வளர்ப்பவர்கள் கடலாமை ஆராய்ச்சியாளர்கள். வலையில் மாட்டிய ஆமைகளை அளந்து, குறித்துக்கொள்வதும் அவர்கள் வேலை.