தனித் தட்டு யாரையும் காப்பதில்லை

அரசு மருத்துவமனையில், எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். எதிரே வந்து உட்காருபவர்களில் பலர் முதலில் கையைத்தான் நீட்டுவார்கள். "மேடம், இந்தக் கீறலைப் பாருங்க. அவருக்கு எச்.ஐ.வி.னு தெரியாம கை கொடுத்துட்டேன்."

நான் கேட்பது ஒன்றுதான்: "அவரோட ரத்தம், ஈரமா, உங்க புண்ணுக்குள்ள போச்சா?" அநேகமாக எல்லோரும் இல்லை என்றே தலையசைப்பார்கள்.

இந்தக் கிருமி ரத்தம், விந்து, பிறப்புறுப்பு மற்றும் மலக்குடல் திரவங்கள், தாய்ப்பால் வழியாகவே பரவும். வியர்வையிலோ கண்ணீரிலோ எச்சிலிலோ பரவாது, கொசுவாலும் பரவாது. உடலை விட்டு வெளியேறி உலர்ந்தால் தொற்றும் திறனை விரைவில் இழந்துவிடும். பொருக்குத் தட்டிய கீறல் மூடிய கதவு. அதன் வழியே கிருமி நுழையாது.

எச்.ஐ.வி. இருந்தும் சிகிச்சை பெறாத ஒருவருக்குப் போட்ட ஊசி செவிலியரின் விரலில் ஆழமாகக் குத்தினால்கூட, தொற்றும் வாய்ப்பு 1,000 முறைக்கு ஏறத்தாழ 3 தான். கை குலுக்குவதில் அந்த வாய்ப்பும் இல்லை.

விபத்தில் ஒருவருக்கு உதவும்போது அவருடைய ரத்தம் உங்கள் திறந்த புண்ணில் பட்டுவிட்டால், சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவுங்கள். புண்ணைப் பிதுக்க வேண்டாம், ஸ்பிரிட் ஊற்ற வேண்டாம். உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தேவை என்று மருத்துவர் கருதினால் 28 நாள் தடுப்பு மாத்திரை தருவார். 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

கீறலுக்காகத் தூக்கத்தைத் தொலைத்தவர்களிடம், ஆணுறை இல்லாத உறவு உண்டா என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். பயப்பட வேண்டிய இடம் அதுதான்.

இந்த இடம் மாறிய பயத்தின் பாரத்தைச் சுமப்பவர்கள் வேறு. சொந்த வீட்டிலேயே தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்கப்பட்ட பெண்கள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். எச்.ஐ.வி. உள்ள ஒருவர் ஏ.ஆர்.டி. எனும் சிகிச்சை மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு, பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமி குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவின் மூலம்கூட அவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. அவர் சாப்பிட்ட தட்டில் என்ன இருக்கப்போகிறது? வேலையிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் எச்.ஐ.வி. உள்ளவர்களை ஒதுக்குவது 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி தடை செய்யப்பட்டது.

சந்தேகம் இருந்தால் 1097-க்கு அழையுங்கள், கட்டணம் இல்லை. நம்பிக்கை மையத்தில் பரிசோதனையும் இலவசம், ரகசியமும் காக்கப்படும். வீட்டில் தனித் தட்டு இருந்தால், இன்றைக்கே மற்ற தட்டுகளோடு சேர்த்து வையுங்கள்.