ஒரு வாலிபன் வேண்டாமென்ற முதுசொம்

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் வாக்கு. வீட்டுச் செலவுக்கும் கோயிற் கொடைக்கும் இது பொருந்தும். ஆனால், அநீதியை எதிர்த்து நிற்கும் எளிய மக்களின் சங்கமொன்றுக்குக் கொடுக்கும் பொருளை எந்த நாழியால் அளப்பது? அதன் பயனை எத்தனை ஆண்டுகளில் எதிர்பார்ப்பது? ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு வரலாறு இவ்வினாக்களுக்கு விடை தேட நமக்குத் துணைபுரியும்.

1920ஆம் ஆண்டில் சார்ள்ஸ் கார்லண்ட் என்னும் வாலிபருக்குத் தந்தை வழி முதுசொமாகச் சுமார் 10 இலட்சம் டொலர் வந்தது. தாம் உழைத்துத் தேடாத பொருள் தமக்கு உரியதன்று என்று கருதிய அவர் அதனை ஏற்க மறுத்துவிட்டார். பத்திரிகைகள் இதனை வியந்து எழுதின. குடியுரிமைகளுக்காக உழைத்துவந்த றொஜர் போல்ட்வின் போன்றோர் அவரிடம் வேறொரு வழியை எடுத்துரைத்தனர். தள்ளிவிட்ட பணம் எவருக்கும் உதவாது. பெற்று வழங்கினால் பலருக்கு உதவும் அன்றோ! கார்லண்ட் இணங்கினார். 1922இல், ஏறக்குறைய 9 இலட்சம் டொலருடன் ‘பொதுச்சேவைக்கான அமெரிக்க நிதியம்’ தோன்றிற்று.

இந்நிதியத்தின் போக்குப் புதுமையானது. பெரிய தரும நிலையங்கள் மூலதனத்தைக் காத்து அதன் வருவாயை மட்டும் வழங்குவது வழக்கம். இதுவோ மூலதனத்தையும் கொடுத்துத் தீர்ப்பதையே நோக்கமாகக் கொண்டது. செல்வர்கள் அஞ்சி ஒதுங்கிய தொழிற்சங்கங்களுக்கும் உரிமைச் சங்கங்களுக்கும் அது கைகொடுத்தது. பங்குகளின் விலையேற்றத்தால் இடையிலே பணம் பெருகியது. 1941இல் நிதியம் மூடப்பட்டபோது 20 இலட்சம் டொலர் வரையில் வழங்கப்பட்டிருந்தது.

அந்தக் கொடைகளுள் ஒன்றே நம் கருத்துக்கு உரியது. 1896இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், வசதிகள் சமமாக இருப்பின் கறுப்பினத்தவரைப் பிரித்து வைப்பது குற்றமன்று எனத் தீர்ப்பளித்திருந்தது. பிரிவினை ஏட்டிலும் இருந்தது, நாட்டிலும் இருந்தது; சமத்துவமோ ஏட்டில் மட்டுமே இருந்தது. இதனை எதிர்த்துப் போராட, 1909இல் தோன்றிய கறுப்பின மக்கள் முன்னேற்றத் தேசிய சங்கம் முன்வந்தது. அதன் செயலாளர் ஜேம்ஸ் வெல்டன் ஜோன்சன், நிதியத்தின் பணிப்பாளர்களுள்ளும் ஒருவராக இருந்தார். 1930இல் சங்கத்தின் வழக்குகளுக்காக 1 இலட்சம் டொலர் வழங்க நிதியம் தீர்மானித்தது. நீதிமன்றப் பாதையால் பயன் விளையாது என்று போல்ட்வினே மறுத்துரைத்தார். எனினும் தீர்மானம் நிறைவேறியது.

வாக்குக் கொடுத்தாயிற்று, பணம் எங்கே? 1929இல் நியூயோர்க் பங்குச் சந்தை வீழ்ந்ததைத் தொடர்ந்து நிதியத்தின் செல்வமும் கரைந்தது. வாக்களித்த தொகையில் ஐந்தில் ஒரு பங்கு அளவே சங்கத்தின் கைக்கு வந்தது.

அந்தச் சிறு தொகையைச் சங்கம் வீணாக்கவில்லை. நேதன் மார்கோல்ட் என்னும் சட்டத்தரணி 1931இல் வழக்குகளுக்கான திட்டமொன்றை எழுதி முடித்தார். பின்பு, ஹவார்ட் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியை வழிநடத்திய சார்ள்ஸ் ஹூஸ்டன் அப்பணியைப் பொறுப்பேற்றுத் தமக்கேற்ற வழியை வகுத்தார். கறுப்பின மாணவருக்கென்று சட்டக் கல்லூரியே இல்லாத மாநிலங்கள் பல. ஆகவே ‘சமம்’ என்ற பொய்யை அங்கேதான் எளிதில் உடைக்கலாம் என்று அவர் கணித்தார். 1936இல் மேரிலாந்து, 1938இல் மிசூரி, 1950இல் டெக்சாஸ் என்று வெற்றிகள் ஒவ்வொன்றாக வந்தன. 1954 மே 17ஆம் நாள், நீதியரசர் ஒன்பதின்மரும் ஒருமித்து, பொதுப் பாடசாலைகளில் இனப் பிரிவினை செல்லாது என்று தீர்த்தனர். வாதாடியவர்களின் தலைவர் ஹூஸ்டனின் மாணாக்கர் தேர்குட் மார்ஷல். ஆசிரியரோ 1950இலேயே காலமாகிவிட்டார். பணம் கொடுத்த நிதியம் மூடப்பட்டும் 13 ஆண்டுகள் கடந்திருந்தன. நட்டவர் உண்ணாத கனி அது.

இவ்வளவில் கதையை முடித்தால் இனிமையாக இருக்கும்; ஆனால் உண்மை முழுமையாகாது. அச்சங்கம் தொடக்கக் காலத்தில் முதன்மையாகக் கொண்ட பணி, கறுப்பினத்தவரைக் கும்பலாய்க் கூடிக் கொல்லும் கொடுமையைத் தடுப்பதாகும். அதற்கான மசோதா 1922இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும் மூதவையில் வீழ்ந்தது. நிதியத்தின் விருப்பமே சங்கத்தை அப்பணியிலிருந்து கல்வி வழக்குகளின் பக்கம் இழுத்துச் சென்றது என்று மேகன் மிங் பிரான்சிஸ் என்னும் அரசியல் ஆய்வாளர் 2019இல் எழுதினார். அக்கொலைகளைத் தனிக் குற்றமாக்கும் மத்திய சட்டம் 2022ஆம் ஆண்டிலேதான் வந்தது. இத்தாமதத்துக்குப் பணத்தை மட்டும் காரணமாக்குதல் நியாயமன்று; சட்டத்தைத் தடுத்தோர் மூதவையில் இருந்தனர். ஆயினும், கொடுப்பவரின் விருப்பம் பெறுபவரின் முதற் கடமையை மாற்றிவிடக்கூடும் என்ற எச்சரிக்கை புறக்கணிக்கத் தக்கதன்று.

இதற்கு மறுபுறமாக நிற்கிறது அலபாமா மாநிலத்து மொண்ட்கொமறி நகரம். 1955 டிசம்பர் 5ஆம் நாள் தொடங்கி, 381 நாட்கள் அந்நகரக் கறுப்பின மக்கள் பஸ் வண்டிகளைப் பகிஷ்கரித்தனர். நடக்க இயலாதோருக்குக் கார் வேண்டும். காருக்குப் பெற்றோல் வேண்டும். ஜோர்ஜியா கில்மோர் என்னும் சமையற்காரியும் அவர் தோழியரும் கேக்கும் பலகாரமும் உணவும் சமைத்து விற்று, அப்பணத்தை மக்கள் கூட்டங்களில் கொண்டுவந்து கொடுத்தனர். தம் குழுவுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘எங்கிருந்தோ வந்த கழகம்’. பணம் யாரிடமிருந்து வந்தது என்று கேட்டால், எங்கிருந்தோ வந்தது என்பதே விடை! பெயர் வெளிப்பட்டால் வேலை போகும் என்பதை அப்பெண்கள் அறிவர். நீதிமன்றத்தில் துணிந்து சாட்சி சொன்ன கில்மோர் தம் வேலையை இழந்தார். பின்னர்த் தம் வீட்டிலேயே சமைத்து விற்றார். அடுப்படியில் பிடியரிசி எடுத்து வைத்துப் பொதுக் காரியத்துக்குக் கொடுத்த நம் தாய்மாருக்கு இது அந்நியமான செயலன்று.

பெருங்கொடை வேண்டாமென்பதா நம் முடிவு? அன்று. நெடிய வழக்கைப் பலகாரம் விற்ற காசால் மட்டும் நடத்துதல் அரிது. நாள்தோறும் எழும் தேவைக்குத் தொலைவிலுள்ள நிதியத்தின் தீர்மானத்தை எதிர்பார்த்திருத்தலும் இயலாது. இரண்டும் வேண்டும். ஆனால், செல்லும் வழியைத் தீர்மானிக்கும் உரிமை துன்பப்படுவோரின் கையிலேயே இருத்தல் வேண்டும்.

மாதர் சங்கத்திலோ சனசமூக நிலையத்திலோ பொறுப்பேற்க இருக்கும் மாணவர்கள், உதவித் தொகைக்கு விண்ணப்பம் எழுதுமுன் ஒரு வினாவைத் தம்மிடமே கேட்டுக்கொள்வார்களாக: இப்பணம் வராவிட்டாலும் நாம் இதே காரியத்தைத்தான் செய்வோமா? ‘ஆம்’ என்று சொல்ல முடிந்தால், தயங்காது கைநீட்டிப் பெற்றுக்கொள்ளலாம்.