கெந்திங் மலைக்குக் குடும்பச் சுற்றுலா

கெந்திங் மலை என்பது மலேசியாவின் பகாங், சிலாங்கூர் மாநிலங்களின் எல்லையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள உல்லாச விடுதி நகரமாகும். மலேசியாவில் சட்டப்படி இயங்கும் ஒரே கேசினோ இங்குதான் உள்ளது. குழந்தைகளுக்கான கேளிக்கைப் பூங்காக்களும் கம்பிவட ஊர்தியும் அதே வளாகத்தில் இருக்கின்றன. பள்ளி விடுமுறையில் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் பகுதிகளிலிருந்து ‘சிங்கப்பூர்–மலேசியா’ பேக்கேஜில் செல்லும் குடும்பங்களின் பயணத்திட்டத்தில் கெந்திங் ஒரு நாளாவது இடம்பெறுவது வழக்கமாகிவிட்டது. ஒரே கூரையின் கீழ் குழந்தைகளின் விளையாட்டும் பெரியவர்களின் சூதும் எப்படிச் சேர்ந்து நடக்கின்றன, செல்லும் குடும்பம் எவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சென்னையின் மூத்த தலைமுறைக்குக் கேசினோ என்றால் அண்ணா சாலையை ஒட்டிய திரையரங்கின் பெயர்தான் நினைவுக்கு வரும். இங்கு அச்சொல் பணம் வைத்து ஆடும் சூதாட்டக் கூடத்தைக் குறிக்கிறது.

தோற்றம்

கெந்திங்கை உருவாக்கியவர் லிம் கோ தோங். சீனாவின் பூஜியன் மாநிலத்தில் 1918-இல் பிறந்து, 1937-இல் மலாயாவுக்கு வந்து, கட்டட ஒப்பந்தக்காரராக உயர்ந்தவர். கேமரன் மலையில் நீர்மின் திட்ட வேலை பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், கோலாலம்பூருக்கு இன்னும் அருகில் ஒரு குளிர்மலை வாசத்தலம் இருந்தால் மக்கள் வருவார்கள் என்ற எண்ணம் அவருக்கு 1964-இல் தோன்றியது. உலு காலி மலையைத் தேர்ந்தெடுத்தார். 1965-இல் தொடங்கிய சாலை வேலை சுமார் நான்கு ஆண்டுகள் நீடித்தது. அடர்ந்த காட்டைக் குடைந்து போட்ட அந்தச் சாலை முடியும் தறுவாயில், 1969 மார்ச் 31 அன்று அப்போதைய பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் விடுதிக்கு அடிக்கல் நாட்டினார். கேசினோ உரிமமும் அதே ஆண்டில் கிடைத்தது. முதல் விடுதி 1971-இல் திறக்கப்பட்டது.

ஆக, முதலில் தோன்றியது மலைவாசத்தல எண்ணம். கேசினோ பிறகு வந்தது. ஆனால் சாலை, மின்சாரம், தண்ணீர் எல்லாவற்றையும் சொந்தச் செலவில் மலையுச்சிக்குக் கொண்டுசென்ற ஒரு நிறுவனத்துக்கு அறை வாடகை மட்டும் போதியிருக்குமா என்பது ஐயமே. நம் ஏற்காட்டைவிட உயரமான, கொடைக்கானலைவிடச் சற்றுத் தாழ்வான ஒரு மலையில் இன்று 7,351 அறைகள் கொண்ட பர்ஸ்ட் வேர்ல்ட் விடுதி நிற்கிறது. அறைகளின் எண்ணிக்கையில் உலகிலேயே பெரிய விடுதி எனக் கின்னஸ் பதிவில் இடம்பெற்ற கட்டடம் அது. குளிர்காற்றுக்காக மட்டும் எழுந்த எண்ணிக்கை அன்று அது.

பூங்காவின் கதையும் அப்படியே. திறந்தவெளிப் பூங்கா 2013-இல் மூடப்பட்டு, ஓர் அமெரிக்கத் திரைப்பட நிறுவனத்தின் பெயரில் புதிய பூங்கா அமைக்கும் வேலை தொடங்கியது. இடையில் ஒப்பந்தம் முறிந்து வழக்கு நடந்து, சமரசமாகி, கடைசியில் 2022 பிப்ரவரியில் ‘கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸ்’ என்ற பெயரில் திறக்கப்பட்டது. கூரைக்குள் அமைந்த ‘ஸ்கைட்ரோபோலிஸ்’ பூங்கா மழைக்கும் மூடுபனிக்கும் ஏற்றது. சிறு குழந்தைகளுக்கு அதுவே வசதி.

வளாகத்தின் பொருளாதாரம்

வார நாள்களில் அறை வாடகை மலிவாக இருப்பதைக் கண்டு பலர் வியப்பதுண்டு. கேசினோ விடுதிகளில் அறையும் உணவும் காட்சிகளும் ஆளை அழைத்துவரும் வழிகள். பெருவருமானம் ஆட்ட மேசையிலும் பொத்தான் இயந்திரங்களிலும் இருந்து வருகிறது. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரம் 1990-களில் இதையே பெரிய அளவில் செய்து பார்த்தது. கோட்டை வடிவ விடுதி, கடற்கொள்ளையர் காட்சி, கேளிக்கைப் பூங்கா என்று குடும்பங்களை அழைத்தது. சில ஆண்டுகளில் அந்தப் போக்கு தணிந்தது. 1993-இல் ஒரு பெரிய விடுதி திறந்த பூங்கா பத்தாண்டு தாங்கவில்லை. குழந்தையுடன் வருபவர் மேசையில் நெடுநேரம் உட்கார முடியாது என்பதை விடுதிக்காரர்கள் கணக்கில் கண்டுகொண்டார்கள் போலும்.

மேசையின் கணக்கை மாணவர்கள் எளிதாகப் போட்டுப் பார்க்கலாம். ருலெட் என்னும் சுழல்சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 எண்கள் உள்ளன. ஓர் எண்ணில் 100 ரூபாய் வைத்து அந்த எண் விழுந்தால், வைத்த 100 ரூபாயுடன் 3,500 ரூபாய் கிடைக்கும். ஒருவர் 37 எண்களிலும் தலா 100 ரூபாய் வைத்தால் செலவு 3,700. ஏதேனும் ஓர் எண் கட்டாயம் விழும். கைக்கு வருவது 3,600. காணாமற்போன 100 ரூபாய்தான் கூடத்தின் பங்கு. அதாவது வைக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சராசரியாக 2 ரூபாய் 70 காசு கூடத்துக்குப் போகிறது. இரண்டு பூச்சியங்கள் உள்ள சக்கரத்தில் இது 5 ரூபாய் 26 காசு. பிளஸ் டூ நிகழ்தகவுப் பாடத்தில் வரும் எதிர்பார்ப்பு மதிப்புக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

‘நூற்றுக்கு மூன்று ரூபாய்கூட இல்லையே’ என்று தோன்றும். கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: இந்தப் பங்கு கையில் கொண்டுபோன தொகைக்குக் கணக்கிடப்படுவதில்லை, மொத்தமாக வைத்த தொகைக்குக் கணக்கிடப்படுகிறது. ஒருவர் 10,000 ரூபாயுடன் உட்கார்ந்து, சுற்றுக்கு 500 ரூபாய் வீதம் ஒரு மணி நேரத்தில் 40 சுற்று ஆடினால், அவர் வைத்த மொத்தம் 20,000. ஒற்றைப் பூச்சியச் சக்கரத்தில் சராசரி இழப்பு 540 ரூபாய். வென்ற பணமும் மறுபடி மேசைக்கே போவதால், நேரம் கூடக்கூட இழப்பு கூடும். ஒரு தனி ஆள் ஓர் இரவில் வெல்லவும் கூடும். ஆனால் ஆயிரக்கணக்கானவர் ஆடும் கூடத்துக்கு அந்த ஏற்றத்தாழ்வு பொருட்டன்று. கூடங்களில் பெரும்பாலும் சன்னலோ கடிகாரமோ இல்லாததன் காரணமும் இதுவே.

பொத்தான் இயந்திரங்களில் வேறொரு மயக்கம் உண்டு. ‘இவ்வளவு நேரம் தரவில்லை, இனித் தரும்’ என்று நினைத்து விலகாமல் நிற்பார்கள். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் முடிவைத் தீர்மானிப்பது சமவாய்ப்பு எண்ணை உருவாக்கும் நிரல். முந்தைய தோல்விகள் அதற்குத் தெரியா.

குழந்தைகளுக்கான எல்லை

மலேசியாவில் 21 வயது நிறையாதவர் கேசினோவுக்குள் நுழைய முடியாது. இசுலாமியருக்கும் அனுமதி இல்லை. அயல்நாட்டினர் வயதைக் காட்டக் கடவுச்சீட்டு வைத்திருக்க வேண்டும். சிங்கப்பூரிலும் வயது வரம்பு 21 தான். அங்கு 2010-இல் செந்தோசா, மரினா பே என இரண்டு இடங்களில் கேசினோக்கள் திறந்தபோது, அரசு தன் மக்களைக் காக்கத் தனி ஏற்பாடு செய்தது. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் நாளொன்றுக்கு 100 வெள்ளி நுழைவுத் தீர்வை கட்ட வேண்டும் என்றது. 2019-இல் அது 150 வெள்ளி ஆனது. சூதில் சிக்கியவரின் மனைவியோ பெற்றோரோ பிள்ளையோ விண்ணப்பித்து, அவரைக் கேசினோவுக்குள் விடாமல் தடை ஆணை பெறவும் வழி உண்டு. நம் ஊரிலிருந்து போகும் சுற்றுலாப் பயணிக்கு அந்தத் தீர்வை இல்லை. தன் மக்களுக்கு வேலி கட்டிய அரசு விருந்தாளிக்குக் கதவைத் திறந்துவைத்திருக்கிறது என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

வயது வரம்பால் நடைமுறையில் ஒரு சிக்கல் எழுகிறது. குடும்பத்தில் ஒருவர் ‘சும்மா பார்த்துவிட்டு வருகிறேன்’ என்று உள்ளே சென்றால், மற்றவர் வெளியில் குழந்தைகளுடன் இருந்தாக வேண்டும். அந்த மற்றவர் பெரும்பாலும் தாய்தான், அல்லது கூடவந்த பாட்டி. அரைமணி நேரம் இரண்டு மணி நேரமாகும். குழந்தைகள் உணவுக்கூடத்து நாற்காலியிலேயே தூங்கிவிடும். இருவரும் உள்ளே செல்ல விரும்பிக் குழந்தைகளை அறையில் தனியே விட்டுப்போவது எந்தக் காரணத்துக்காகவும் ஏற்கத்தக்கதன்று. யாராவது உள்ளே போவதா இல்லையா, போனால் எவ்வளவு நேரம், எவ்வளவு பணம் என்பதை வீட்டிலேயே பேசி முடிப்பது நல்லது. மலையேறிய பின் பேசினால் குழந்தைகள் முன்னால் சண்டையாகத்தான் முடியும்.

அதைவிட மெல்லிய எல்லை ஒன்றும் உண்டு. கேசினோவுக்கு வெளியே, குழந்தைகளுக்கென்றே உள்ள விளையாட்டுக் கூடங்களில், பொம்மையை இரும்புக் கொக்கியால் கவ்வி எடுக்கும் இயந்திரங்களும், காசைத் தள்ளிக் காசை விழவைக்கும் இயந்திரங்களும் இருக்கின்றன. இவற்றுக்குக் கெந்திங் வரை போக வேண்டியதில்லை. வேளச்சேரி மாலிலும் உண்டு. கொக்கி எவ்வளவு இறுக்கிப் பிடிக்கும் என்பதை நடத்துபவரே அமைத்துவைக்கக்கூடிய இயந்திரங்கள் பல. ‘இதோ வந்துவிட்டது, இன்னொரு தடவை’ என்று குழந்தை அட்டையை நீட்டும்போது, பொத்தான் இயந்திரத்தின் முன் நிற்கும் பெரியவரின் மனநிலையைத்தான் அது முதன்முதலாகப் பழகுகிறது. தாயமும் பல்லாங்குழியும் சோழி வைத்து ஆடும் விளையாட்டுகளே. ஆனால் அவற்றில் வீட்டுப் பணம் வெளியே போவதில்லை.

தமிழ்நாட்டு நிலைமை

திருக்குறளில் 94-ஆம் அதிகாரமே ‘சூது’ என்று இருக்கும் நாட்டில் இதற்குச் சட்டமும் பழையது. சென்னை நகரக் காவல் சட்டம் 1888, தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் 1930 ஆகியவை பொதுச் சூதாட்ட இடங்களைத் தடை செய்கின்றன. லாட்டரிச் சீட்டு 2003-இல் தடை செய்யப்பட்டது. பந்தயம் கட்டச் சட்டப்படி எஞ்சியிருந்த இடங்களில் ஒன்று, தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் எட்டிவிடும் தூரத்திலுள்ள கிண்டி குதிரைப் பந்தயத் திடல். அதையும் ஒழிக்க 1974-இல் சட்டம் வந்தது. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. திடல் இருந்த நிலத்தை 2024 செப்டம்பரில் அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. இந்தியாவில் கேசினோக்கள் கோவாவிலும் சிக்கிமிலும் உள்ளன. கோவாவிலும் 2020 முதல் உள்ளூர் மக்களுக்கு அனுமதி இல்லை.

இதனால் தென்சென்னையின் குடும்பப் பொழுதுபோக்கு வேறு வழியில் வளர்ந்தது. ஈஞ்சம்பாக்கம் வி.ஜி.பி. கோல்டன் பீச், தாம்பரம் அருகே 1995-இல் தொடங்கிய கிஷ்கிந்தா, முட்டுக்காட்டை ஒட்டிய எம்.ஜி.எம்., 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் திறந்த வொண்டர்லா ஆகியவற்றின் பின்னால் கேசினோ வருமானம் கிடையாது. நுழைவுச்சீட்டும் சிற்றுண்டியும்தான் வரவு. ‘நம் ஊரில் டிக்கெட் இவ்வளவா’ என்று முணுமுணுப்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்கலாம்: இங்கு இராட்டினத்தின் செலவை இராட்டினத்தில் ஏறுபவரே கொடுக்கிறார். வண்டலூர் உயிரியல் பூங்கா அரசுடையது என்பதால் அது தனிக் கணக்கு.

பணமும் வரியும்

வெளிநாட்டில் வென்றால் வரி இல்லை என்ற பேச்சு தவறானது. இந்தியாவில் வசிப்பவரின் உலக வருமானம் முழுவதற்கும் இங்கு வரி உண்டு. சூதாட்ட வெற்றித் தொகைக்கு 30 விழுக்காடும் அதன்மேல் கூடுதல் தீர்வையும் கட்ட வேண்டும். தோற்ற பணத்தை அதில் கழித்துக்கொள்ளவும் முடியாது. லாட்டரிச் சீட்டு போன்றவற்றுக்காக இந்தியாவிலிருந்து அந்நியச் செலாவணி அனுப்புவதை 2000-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி விதிகள் தடை செய்கின்றன. எனவே கடன் அட்டையை மேசைப் பக்கம் கொண்டுபோகாதிருப்பதே பாதுகாப்பு.

பயணம்

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் நான்காவது நிறுத்தமான திரிசூலத்தில் இறங்கினால் எதிரே விமான நிலையம். கோலாலம்பூருக்கு நேரடி விமானத்தில் ஏறத்தாழ 4 மணி நேரம். கடிகாரத்தை இரண்டரை மணி முன்னே வைக்க வேண்டும். கோலாலம்பூரிலிருந்து மலைக்குப் பேருந்து உண்டு. அவானா நிலையத்திலிருந்து கம்பிவட ஊர்தியில் மேலே செல்லும் பயணம்தான் பல குழந்தைகளுக்குக் கெந்திங்கின் சிறந்த பகுதி. அந்த வழியின் நடுவே சின் சுவீ குகைக்கோயில் இருக்கிறது. இறங்கிப் பார்க்கத்தக்க இடம். கோலாலம்பூரின் வடபுறத்தில் உள்ள பத்துமலை முருகன் கோயிலையும் அதே நாளில் சேர்த்துக்கொள்பவர்கள் உண்டு. 272 படிகளை வெயிலுக்கு முன் காலையில் ஏறிவிட்டு, பிறகு கெந்திங்குக்குப் போவது முதியவர்களுக்கு எளிது. மேலே குளிரும் மூடுபனியும் இருப்பதால் குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் கட்டாயம்.

இந்தியர்கள் 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா இன்றி மலேசியா செல்லலாம் என்ற சலுகை நடைமுறைக்கு வந்தது; புறப்படும் முன் அது தொடர்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மின்னணு வருகை அட்டையைக் குழந்தைகளுக்கும் தனித்தனியே நிரப்ப வேண்டும். சிறுவர்களின் கடவுச்சீட்டு 5 ஆண்டுகளே செல்லும் என்பதால், பெற்றோருடையது செல்லுபடியாக இருந்தும் பிள்ளையுடையது காலாவதியாகி நின்றுபோகும் பயணங்கள் உண்டு. தாம்பரத்திலேயே கடவுச்சீட்டுச் சேவை மையம் இருக்கிறது. கோடை விடுமுறை நெருங்கினால் அங்கு முன்பதிவு கிடைப்பது கடினம். பொங்கலுக்கு முன்பே விண்ணப்பித்துவிடலாம்.