அமெரிக்கவியல் மாநாடு: இடம் கொடுக்கும் பல்கலைக்கழகம்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் இலக்கியம், வரலாறு, அரசியல், இசை, சமயம் எல்லாவற்றையும் சேர்த்துப் படிப்பது அமெரிக்கவியல். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இதற்கென்று தனித் துறை கிடையாது. ஃபாக்னரின் நாவல்களை ஆராய்பவர் ஆங்கிலத் துறையில் இருப்பார். அடிமை முறையை ஆராய்பவர் வரலாற்றுத் துறையில், குடியரசுத் தலைவர் தேர்தலை ஆராய்பவர் அரசியல் துறையில். ஒரே வளாகத்தில் பல ஆண்டு வேலை பார்த்தும் ஒருவர் எழுதியதை மற்றவர் படித்திருக்க மாட்டார். இவர்களை ஒரே அறையில் உட்கார வைப்பது மாநாடுதான். ஆகவே ஒரு பல்கலைக்கழகம் அமெரிக்கவியல் மாநாட்டை நடத்த முன்வந்தால், நிரந்தர வீடில்லாத ஒரு துறைக்குச் சில நாள் வீடு கொடுக்கிறது என்று பொருள்.

துறை தொடங்கியது அமெரிக்காவில். ஹார்வர்டில் 1930களில் அமெரிக்க நாகரிக வரலாறு முனைவர் பட்டப் படிப்பாயிற்று. அதில் முதல் பட்டத்தை 1940இல் ஹென்றி நாஷ் ஸ்மித் பெற்றார். ஐரோப்பாவுக்கு அது வந்த விதம் நெகிழ வைப்பது. 1947 கோடையில், போரில் நொறுங்கிக் கிடந்த ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில், லெயோபோல்ட்ஸ்க்ரோன் மாளிகையில் ஹார்வர்டைச் சேர்ந்த சில இளைஞர்கள் ஒரு கருத்தரங்கைக் கூட்டினார்கள். இலக்கிய அறிஞர் மத்தியஸனும் மானிடவியல் அறிஞர் மார்கரெட் மீடும் பாடம் எடுக்க, சில ஆண்டுகளுக்கு முன்வரை எதிரெதிர் அணிகளில் நின்ற நாடுகளின் மாணவர்கள் அருகருகே அமர்ந்து கேட்டார்கள். அதே நகரில்தான் 1954இல் ஐரோப்பிய அமெரிக்கவியல் சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டே பிரிட்டன் தனக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டது.

அமெரிக்காவில் இந்தத் துறையின் ஆண்டு மாநாடு பெரும்பாலும் நகரத்துப் பெரிய ஓட்டல்களில் கூடும். ஐரோப்பாவில் பல்கலைக்கழகங்கள் மாறி மாறி மாநாட்டை ஏற்று நடத்துகின்றன. பிரிட்டிஷ் சங்கத்தின் மாநாடு வழக்கமாக வசந்த காலத்தில், ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி வரும். மாணவர்கள் ஊருக்குப் போயிருப்பதால் விடுதி அறைகளும் விரிவுரைக் கூடங்களும் அப்போது காலியாக இருக்கும். மாநாட்டுக் கட்டணம் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் எட்டுமா என்பதை இந்த வசதி பெரிதும் தீர்மானிக்கிறது.

வேலை ஓராண்டுக்கு முன்பே தொடங்கிவிடும். பொதுப் பொருள் ஒன்றை முடிவு செய்து கட்டுரைகளுக்கு அழைப்பு விடுவார்கள். விரும்புவோர் முந்நூறு சொல்லுக்குள் சுருக்கம் எழுதி அனுப்புவார்கள். கடல் கடந்து வருபவர்களுக்கு விசா எடுக்கவும் உதவித்தொகை தேடவும் நாள் வேண்டும் என்பதால், தேர்வு முடிவைச் சீக்கிரம் சொல்வது ஏற்பாட்டாளர்களின் முதல் கடமை.

ஆனால் மாநாட்டின் உயிர் அமர்வுகளை அமைப்பதில் இருக்கிறது. ஓர் அமர்வு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், மூன்று அல்லது நான்கு கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடத்துக்கு மேல் போகாமல், மீதி கேள்விகளுக்கு. வந்த சுருக்கங்களைத் துறைவாரியாகப் பிரித்து அடுக்கினால் வேலை சுலபம். அப்படிச் செய்தால் இந்த மாநாட்டுக்கே அர்த்தமில்லை.

1927ஆம் ஆண்டின் மிசிசிப்பி ஆற்று வெள்ளத்தை எடுத்துக்கொள்ளலாம். கரைகள் உடைந்து லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். கறுப்பினத் தொழிலாளர்கள் பலர் துப்பாக்கி முனையில் கரை பலப்படுத்தும் வேலையில் நிறுத்தப்பட்டார்கள். வரலாற்றாசிரியர் அதைச் சொல்வார். நிவாரணப் பணிக்குத் தலைமை தாங்கிய ஹெர்பர்ட் ஹூவர் மறு ஆண்டே குடியரசுத் தலைவர் தேர்தலில் வென்றதையும், அதே 1928இல் வெள்ளத் தடுப்புச் சட்டம் வந்ததையும் அரசியல் அறிஞர் விளக்குவார். அந்த வெள்ளத்தைப் பற்றி 1929இல் சார்லி பேட்டன் பதிவு செய்த புளூஸ் பாடலை இசை ஆய்வாளர் போட்டுக் காட்டுவார். ஃபாக்னர் 1939இல் வெளியிட்ட நாவலில் அந்த ஆற்றையும் அதில் அடித்துச் செல்லப்படும் ஒரு கைதியையும் இலக்கிய ஆசிரியர் காட்டுவார். நால்வரும் ஒரே மேசையில் அமர்ந்தால் ஒரு வெள்ளத்தின் வழியே ஒரு நாடு முழுதும் தெரியும். நான்கு அறைகளில் பேசினால் நான்கு துண்டுகள்தான் மிஞ்சும். மாநாட்டுக் குழுவின் திறமைக்கு இதைவிட நல்ல உரைகல் இல்லை.

காலை, மாலைகளில் எல்லோரும் கூடும் சிறப்புரைகள், பதிப்பாளர்களின் புத்தகக் கடைகள், விருந்து ஆகியவை எந்த மாநாட்டிலும் உள்ளவைதான். இடைவேளைத் தேநீருக்கு மட்டும் தாராளமாக நேரம் விட வேண்டும். மூத்த பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவர் தயங்காமல் போய்ப் பேசுவது அங்கேதான்.

இடம் கொடுப்பவரின் நூலகமும் முக்கியம். 2018இல் ஐரோப்பிய, பிரிட்டிஷ் சங்கங்கள் லண்டனில் கூட்டாக மாநாடு நடத்தியபோது, கிங்ஸ் கல்லூரி, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆகியவற்றோடு பிரிட்டிஷ் நூலகமும் சேர்ந்து இடம் கொடுத்தது. இந்தியாவில் இப்படி நூலகத்தோடு இடம் கொடுத்தது ஹைதராபாத். உஸ்மானியா பல்கலைக்கழக வளாகத்தில் 1964இல் தொடங்கிய அமெரிக்கவியல் ஆய்வு மையம், வெளிநாட்டுப் புத்தகம் வாங்க அந்நியச் செலாவணி கிடைக்காத காலத்தில் ஒரு பெரும் நூலகத்தைத் திறந்து வைத்தது. தமிழகக் கல்லூரிகளின் ஆங்கில ஆசிரியர்களும் முனைவர் பட்ட ஆய்வுக்காக அங்கே போய்த் தங்கிப் படித்தார்கள். கருத்தரங்குகளை நடத்தியதோடு தனக்கென ஓர் ஆய்விதழையும் அந்த மையம் வெளியிட்டது. இன்று அது உஸ்மானியாவின் பன்னாட்டுத் திட்ட மையமாக மாறியிருக்கிறது.

மாநாடு முடிந்த பிறகும் வேலை உண்டு. இருபது நிமிடக் கட்டுரைகளை விரித்து எழுதச் சொல்லி, திருத்தி, தொகுப்பாகவோ ஆய்விதழிலோ கொண்டுவர ஓரிரு ஆண்டு ஆகிவிடும். அதற்குள் பொறுப்பு வேறொரு பல்கலைக்கழகத்தின் கைக்குப் போயிருக்கும்; அங்கே அடுத்த அழைப்பும் தயாராகியிருக்கும்.