"இதுதான் ஐயா முதல்தரம்"

ரிக்கெற் இல்லாமல் பிடிபடுகிறவர் சொல்வது உலகம் முழுக்க ஒன்றுதான்: "இதுதான் ஐயா முதல்தரம்." சாவகச்சேரி மேடையிலும் அதே பேச்சு, லண்டன் நிலையத்திலும் அதே பேச்சு. பரிசோதகர் நம்புவதில்லை. அவர் கல்நெஞ்சக்காரர் என்று நினைக்க வேண்டாம், கணக்கு அவர் பக்கம் நிற்கிறது.

கற்பனை எண்களை வைத்துப் போட்டுப் பார்ப்போம். கொடிகாமம், மீசாலை, சங்கத்தானை, சாவகச்சேரி, நாவற்குழி என்று யாழ்ப்பாணம் போகும் பாதையில் 1,000 பேர். அவர்களில் 900 பேர் வருடத்தில் ஒரேயொரு நாள், ரயில் வெளிக்கிடுகிற அந்தரத்தில், ரிக்கெற் எடுக்காமல் ஏறிவிடுகிறார்கள். மிச்ச 100 பேர் வேண்டுமென்றே வருடத்துக்கு 200 தரம் ஏறுகிறார்கள். ரிக்கெற் இல்லாத 50 பயணத்துக்கு ஒன்று அகப்படுகிறது என்று வையுங்கள். முதல் கூட்டத்தில் அகப்படுவது 18. இரண்டாவது கூட்டத்தில் 400. ஊரில் பத்துக்கு ஒன்பது பேர் அப்பாவிகள். பிடிகளின் பட்டியலிலோ நூற்றுக்கு நாலுதான் அப்பாவிகளுடையது! புள்ளிவிவரக்காரர் இதைப் பரிசோதனை முரண் என்பார்கள். கடல்நீரேரியில் ஓயாமல் திரிகிற மீன்தான் வலையில் அதிகம் படும்.

களவாய்ப் போகிறவரின் பக்கக் கணக்கும் சுவாரசியமானது. 50இல் ஒரு வாய்ப்பு என்றால் 35 பயணத்துக்குள் பாதிப் பேர் அகப்பட்டுவிடுவார்கள். 100 பயணம் தப்பிப்போகிறவர் நூற்றுக்கு 13 பேர். சராசரியாக 49 பயணம் சும்மா போன பிறகுதான் முதல் பிடி. ஆகவே தண்டம் கட்டணத்தைப் போல 50 மடங்காவது இருந்தால்தான் களவு கட்டாது. பொருளியலாளர் கேரி பெக்கர் 1968இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரம் இதுதான். மாணவர் ஒருவரின் வாய்மொழித் தேர்வுக்கு நேரமாகிவிட, காரை விதிப்படி நிறுத்துவதா, தண்டத்துக்குத் துணிவதா என்று மனதுக்குள் பெருக்கிப் பார்த்ததில்தான் அந்த யோசனை வந்ததாம். 1992இல் நோபல் பரிசு கிடைத்தது.

பெக்கரின் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. 400க்காகக் கூட்டிய தண்டம் அந்த 18இன் தலையிலும் விழுகிறது. இரண்டையும் பிரிக்க ரயில்வேக்கு வழி இருக்கவில்லை. ரிக்கெற்றே அப்படிச் செய்யப்பட்டது.

தாமஸ் எட்மண்ட்சன் என்ற ஆங்கிலேயர் முதலில் தளபாடம் செய்தவர், தொழில் நொடித்து ரயில் நிலையத்தில் வேலைக்கு வந்தவர். 1830களின் பிற்பாதியில் அவர் உருவாக்கியதுதான் மட்டை ரிக்கெற்: 57 மி.மீ. நீளம், 30 மி.மீ. அகலம், தொடர் இலக்கம், திகதி குத்த ஒரு சிறு இயந்திரம். மாலையில் விற்காமல் மிஞ்சிய முதல் இலக்கத்திலிருந்து காலையின் முதல் இலக்கத்தைக் கழித்து விலையால் பெருக்கினால் பெட்டியில் இருக்க வேண்டிய காசு தெரிந்துவிடும். உண்மையில் அது காவல் காத்தது ரிக்கெற் விற்கிறவரை. இறங்கும் வாசலில் மட்டையை வாங்கிக்கொள்வார்கள். அதில் பெயர் இல்லை. நேற்று நீங்கள் காசு கட்டினீர்களா என்று அதற்குத் தெரியாது.

ஆள் தெரியாதபோது சட்டம் மோசமானதையே ஊகிக்கும். இந்திய ரயில்வே சட்டத்தின் 138ஆம் பிரிவின்படி, ரிக்கெற் இல்லாதவர் எங்கே ஏறினார் என்பதில் சந்தேகம் இருந்தால், அந்த ரயில் புறப்பட்ட நிலையத்திலிருந்தே வந்தார் என்று எடுத்துக்கொள்வார்கள். நடுவில் சோதனை நடந்திருந்தால் அந்த இடத்திலிருந்து. கட்டணத்தோடு அதே அளவு அல்லது 250 ரூபாய், எது கூடவோ அதைக் கட்டினால் அவ்விடத்திலேயே விஷயம் முடிந்தது. ஏமாற்றும் எண்ணத்தோடு ஏறினார் என்றால் 137ஆம் பிரிவு, நீதிமன்றம்.

இங்கிலாந்தில் விஷயம் சிக்கலானது. தென்மராட்சியில் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் அங்கே! ஒரு பெடியன் ரயிலில் பிடிபட்டு, கம்பனியிலிருந்து கடிதம் வந்தால் இங்கே தாய்க்கு நித்திரை போய்விடும். கட்டணத்தை ஏய்க்கும் நோக்கம் நிரூபணமானால் 1889ஆம் ஆண்டுச் சட்டப்படி 1,000 பவுண் வரை தண்டம் அல்லது மூன்று மாதம் வரை சிறை. தண்டத்தை விட, குற்றப்பதிவு வேலைக்கும் விசாவுக்கும் குறுக்கே நிற்கும் என்பதுதான் பயம். அதனால் சட்டத்தரணியைப் பிடித்து, கட்டணத்தையும் விசாரணைச் செலவையும் தருகிறோம், வழக்கை விடுங்கள் என்று எழுதுகிறார்கள். ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கம்பனிக்குக் கட்டாயம் இல்லை.

பிறகு ஏன் ஒப்புக்கொள்கிறது? வில்லியம் லாண்டிஸ் 1971இல் இதற்கும் கணக்குப் போட்டார். வழக்குக்குப் போனால் இரு தரப்புக்கும் செலவு, முடிவும் நிச்சயமில்லை. கம்பனி வாங்கத் தயாரான குறைந்த தொகைக்கும் பிடிபட்டவர் கொடுக்கத் தயாரான கூடிய தொகைக்கும் நடுவில் எங்கோ பேரம் படியும். இழக்க நிறைய உள்ளவருக்கு மேல் எல்லை எங்கேயோ போய்விடும். லண்டனுக்கு வந்துபோன முதலீட்டு நிறுவன அதிகாரி ஒருவர் ரிக்கெற் சோதனை வாசல் இல்லாத கிராம நிலையத்தில் ஏறி, 21.50 பவுண் கட்ட வேண்டிய பயணத்துக்கு 7.20 மட்டும் கட்டிப் பல வருடம் தப்பினார். அகப்பட்டதும் சுமார் 43,000 பவுண் கொடுத்து நீதிமன்றத்துக்கு வெளியே முடித்தார். வழக்கில்லை, குற்றப்பதிவும் இல்லை. ஆனால் செய்தி வெளியானது. 2014 டிசம்பரில் நிதித்துறைக் கட்டுப்பாட்டு அமைப்பு அவரை அந்தத் துறையில் வேலை செய்ய முடியாதபடி தடைசெய்தது. அவர் காசு கொடுத்து வாங்க நினைத்த மௌனம் கிடைக்கவில்லை.

எளிய மனிதருக்குப் பேரம் இப்படி விரியாது. தள்ளுபடி அட்டையைப் பொருந்தாத நேரத்தில் பயன்படுத்தியதாக ஓர் இளம் பட்டதாரிமீது 2024இல் வழக்கு மிரட்டல் வந்தது. கட்டணத்தில் குறைந்த தொகை வெறும் 1.90 பவுண். செய்தி பரவிய பிறகு கம்பனி கைவிட்டது. அதே வருடம் ஓகஸ்ட்டில் இங்கிலாந்தின் தலைமை நீதவான் இன்னொன்றைக் கண்டார்: ஒற்றை நீதவான் விரைவு நடைமுறையில், அந்த நடைமுறைக்கு இடமே இல்லாத சட்டத்தின்கீழ், ரயில் கம்பனிகள் வழக்குப் போட்டிருந்தன. ஏறத்தாழ 74,000 வழக்குகளைத் தொடும் தீர்ப்பு அது. தப்பில்லாமல் நடப்பது யார் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆனால் கைபேசிச் செயலி வந்து ஒரு விஷயத்தை மாற்றிவிட்டது. மட்டைக்குத் தெரியாத நேற்று அதற்குத் தெரியும். எந்த நிலையத்துக்கு வாங்கினீர்கள், எத்தனை தரம், எத்தனை மணிக்கு என்று எல்லாம் கணக்கில் இருக்கிறது. இணக்கம் கேட்டு வரும் கடிதத்துக்குப் பதில் எழுதுமுன் கம்பனி அந்தப் பட்டியலைப் பார்க்கலாம். அந்த 400இல் ஒருவர் என்றால் "முதல்தரம்" என்ற சொல் அங்கேயே உடையும். பழைய பயணங்களின் பாக்கியும் தொகையில் ஏறும். 18இல் ஒருவர் என்றால், மூன்று வருடமாக முழுக் கட்டணம் கட்டிய அதே பட்டியலைக் கடிதத்தோடு அவரே இணைக்கலாம்.