இணையத் தேர்வில் பூட்டு எங்கே?

தேர்வுக்கூடத்தில் நடக்கும் தேர்வை நாம் எல்லோரும் அறிவோம். முத்திரையிட்ட உறையில் வினாத்தாள் வரும். மணி அடித்ததும் உறை பிரிக்கப்படும். கண்காணிப்பாளர் வரிசைகளுக்கிடையே நடந்துகொண்டிருப்பார். இதே தேர்வை இணையத்தின் வழியே நடத்தினால் அந்த உறை எங்கே? கண்காணிப்பாளர் யார்?

2020-ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றினால் கல்லூரிகள் மூடப்பட்டபோது இக்கேள்விகள் என் முன் வந்து நின்றன. நான் இருபது வினாக்களை எல்லா மாணவர்க்கும் ஒரே வரிசையில் அனுப்பினேன். விடைகளைத் திருத்தியபோது, ஒரு கணக்கில் வகுப்பின் பெரும்பகுதியினர் ஒரே தவறான விடையை எழுதியிருக்கக் கண்டேன். யாரோ ஒருவர் செய்த பிழை செல்பேசி வழியே வகுப்பு முழுவதும் பரவியிருந்தது! கேமராவால் கண்காணிக்கும் தளம் ஒன்றை வாங்கினால் போதும் என்றே அப்போது எண்ணினேன். அது சரிதானா? படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் கவனிக்க வேண்டியது, விடைகள் எங்கே இருக்கின்றன என்பதாகும். இணையப் பக்கம் ஒன்றைத் திறக்கும்போது அதன் நிரல் முழுவதும் நம் கணிப்பொறிக்கு வந்துவிடுகிறது. அதை எவரும் திறந்து படிக்கலாம். வினாவோடு விடையையும் அனுப்பிவைக்கும் தளம், பெட்டியைப் பூட்டிச் சாவியை அதன் மேலேயே வைத்தது போலாகும். நல்ல தளத்தில் விடைகள் தொலைவிலுள்ள சர்வர் கணிப்பொறியிலேயே தங்கிவிடும். மதிப்பெண் இடுவதும் அங்கேதான். தேர்வு நேரத்தை அளக்கும் கடிகாரமும் அங்கேயே இருக்க வேண்டும். இல்லையேல், மாணவர் தம் கணிப்பொறியின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடலாம்.

இரண்டாவது, வினா வங்கி. 40 வினாக்கள் கொண்ட வங்கியிலிருந்து ஒவ்வொருவர்க்கும் 10 வினாக்களைக் கணிப்பொறி குலுக்கல் முறையில் எடுப்பதாகக் கொள்வோம். இவ்வாறு 84 கோடிக்கும் மேற்பட்ட வெவ்வேறு வினாத்தாள்கள் அமையக்கூடும். எந்த இரு மாணவர்க்கும் பொதுவாக அமையும் வினாக்கள் சராசரியாக இரண்டரைதான்.

கணக்குகளில் எண்களையும் மாற்றலாம். 20 மீட்டர் உயரத்திலிருந்து விழவிடப்படும் கல் தரையை அடைய ஏறக்குறைய 2 விநாடிகள் ஆகும். 45 மீட்டரிலிருந்து என்றால் 3 விநாடிகள். ஒருவருக்கு 20, மற்றவருக்கு 45 எனக் கொடுத்தால், நண்பரின் விடை பயன்படாது. அவருடைய வழிமுறையே பயன்படும். அதைக் கேட்டுக் கற்றுக்கொண்டால் ஓரளவு இலாபமே! 2002-இல் முதல் பதிப்பு வெளிவந்த ‘மூடில்’ என்னும் இலவச மென்பொருளில் இவ்விரு வசதிகளும் உள்ளன.

மூன்றாவது, திரையைப் பூட்டுதல். சுவிட்சர்லாந்தில், சூரிக் நகரத்து ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தில் உருவான ‘சேஃப் எக்ஸாம் பிரவுசர்’ என்னும் இலவச மென்பொருள், தேர்வு முடியும்வரை வேறு பக்கம் எதையும் திறக்க விடாது. கல்லூரிக் கணிப்பொறிக் கூடத்தில் இது மிகவும் பயன்படும். ஆனால் வீட்டு மேசையில் இருக்கும் மற்றொரு செல்பேசியை இதனால் என்ன செய்ய முடியும்?

இனிக் கேமராவுக்கு வருவோம். மாணவரின் முகத்தையும் பார்வையையும் கவனித்து, ஐயத்திற்குரியவர்களைக் குறித்துக்காட்டும் மென்பொருள்கள் உண்டு. ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். தேர்வு எழுதுவோர் 420 பேர். அவர்களில் 20 பேர் பார்த்து எழுதுகின்றனர். மென்பொருள் அவர்களில் 90 விழுக்காட்டினரைப் பிடித்துவிடுகிறது. நேர்மையானவர்களில் 5 விழுக்காட்டினரைத் தவறாகக் குறித்துவிடுகிறது. அப்படியானால் பிடிபடும் குற்றவாளிகள் 18 பேர். ஐயத்திற்கு ஆளாகும் நிரபராதிகள் 20 பேர்! மென்பொருள் குறித்துக்காட்டுவது விசாரணைக்குத் தொடக்கமாகலாம்; அதுவே தீர்ப்பாகக் கூடாது.

மாணவரின் வீடு அவருடைய சொந்த இடம் என்பதையும் மறக்கலாகாது. அமெரிக்காவில் கிளீவ்லாந்து மாநிலப் பல்கலைக்கழகம், தேர்வுக்கு முன் மாணவர் ஒருவரின் அறையைக் கேமராவால் சுற்றிக் காட்டச் செய்தது, அரசியலமைப்புக்கு முரணான சோதனை என்று கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று 2022-இல் தீர்ப்பளித்தது. பதிவான படங்கள் எங்கே, எவ்வளவு காலம் வைக்கப்படும் என்று கேட்டறியாமல் எந்தத் தளத்தையும் ஏற்கலாகாது.

இறுதியாக ஒன்று. ஏழாவது வினாவில் மின்சாரம் நின்றுபோன மாணவி என்ன செய்வாள்? எழுதிய விடைகளை அவ்வப்போது தானே சேமித்துக்கொண்டு, மீண்டும் இணைந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரவிட்டு, தேவையானவருக்குக் கூடுதல் நேரமும் அளிக்கும் தளமே நம்பத்தக்கது. படித்து எழுதியவரின் விடையைத் தொலைத்துவிடும் தளத்தைப் பாதுகாப்பானது என்று எப்படிச் சொல்வது?

ஆகவே, தளத்தைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர் முதலில் ஒரு மாணவராக உள்நுழைந்து அதைச் சோதித்துப் பார்க்கட்டும். பக்கத்தின் நிரலில் விடை தெரிகிறதா என்று தேடட்டும். நடுவில் இணைப்பைத் துண்டித்துப் பார்க்கட்டும். இதற்கு அரைமணி நேரம் போதும். பிறகு, எஞ்சிய நேரத்தையெல்லாம் நல்ல வினாக்களை உருவாக்குவதில் செலவிடட்டும். இணையத் தேர்வின் உறுதியான பூட்டு அங்கேதான் இருக்கிறது.