தண்டலுக்குச் சட்டம் உண்டு, கார்டுக்கு?

செஞ்சி காந்தி பஜாரில் கடை வைத்திருப்பவருக்குத் தண்டல் புதிதல்ல. வட்டியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டுதான் பணம் தருவார்கள். பிறகு தினமும் கடைக்கே வந்து வசூல். அது அளவு மீறினால் போலீசுக்குப் போகலாம். 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் தண்டல், மீட்டர் வட்டி, மணி நேர வட்டி என்று பெயர் சொல்லியே தடுக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை.

அதே கடைக்காரருக்கு கிரெடிட் கார்டில் 900 ரூபாய் பில் வருகிறது. குறைந்தபட்சத் தொகையைக்கூடக் கட்டாமல் தேதியைத் தவறவிடுகிறார். சில வங்கிகளின் பட்டியலில் 501 முதல் 1,000 ரூபாய் வரையிலான பாக்கிக்குத் தாமதக் கட்டணம் 500. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 90 ரூபாய். ஆக 590, வட்டி தனி. பாக்கி 50,000 ரூபாயைத் தாண்டியவரிடம் அதிகபட்சம் 1,300 ரூபாய் வாங்கும் வங்கிகள் உண்டு. கணக்குப் பார்த்தால் சின்ன பாக்கிக்காரருக்குத்தான் அடி பலம். ஆனால் இதற்கு எந்தப் போலீஸ் நிலையத்திலும் வழக்குப் பதிய முடியாது.

காரணம் அரசியல் சட்டத்தில் இருக்கிறது. லேவாதேவி மாநிலப் பட்டியலில் வருகிறது, வங்கித் தொழில் மத்தியப் பட்டியலில். போதாததற்கு, வங்கி வாங்கும் வட்டி அதிகம் என்ற காரணத்துக்காக மட்டும் நீதிமன்றம் கணக்கைத் திறந்து பார்க்கக் கூடாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 21ஏ பிரிவை 1984-ல் சேர்த்துவிட்டார்கள்.

இந்தச் சுவரில் ஒருமுறை ஓட்டை விழுந்தது. ‘ஆவாஸ்’ என்ற தன்னார்வ அமைப்பின் வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையம் 2008 ஜூலை 7 அன்று தீர்ப்பளித்தது: கெடு தவறிய கார்டுதாரரிடம் ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம்; ஒரு தவணைத் தவறுக்கு ஒருமுறைதான் அபராத வட்டி, அதை அசலில் சேர்க்கக் கூடாது. வங்கிகள் உச்ச நீதிமன்றம் போயின. 16 ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பர் 20 அன்று, அந்தத் தீர்ப்பு ரத்தானது. விகிதத்தை முடிவு செய்வது ரிசர்வ் வங்கியின் வேலை, தவிர கார்டுதாரர்கள் நிபந்தனைகளை அறிந்தே ஒப்புக்கொண்டவர்கள் என்றது நீதிமன்றம். அந்தப் பொடி எழுத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்ட ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

சரி, ரிசர்வ் வங்கி என்ன செய்திருக்கிறது? 2022-ல் வந்த விதிகளின்படி, கெடு முடிந்து மூன்று நாள் தாண்டினால்தான் தாமதக் கட்டணம் போடலாம். அதையும் மொத்த பில் தொகைக்கு அல்ல, கட்டாமல் நிற்கும் பாக்கிக்குத்தான் கணக்கிட வேண்டும். கட்டாத கட்டணத்துக்கு வட்டிமேல் வட்டி கூடாது. நல்ல விதிகள்தான். ரூபாயில் உச்சவரம்பு மட்டும் இல்லை. கடன்களுக்கான அபராதத்தை ஒழுங்குபடுத்தி 2023 ஆகஸ்டில் அது வெளியிட்ட சுற்றறிக்கையோ, கிரெடிட் கார்டுக்கு இது பொருந்தாது என்று ஒதுக்கிவிட்டது. எங்கே அதிகம் தேவையோ அங்கேயே விலக்கு!

அமெரிக்காவில் வரம்பு வைத்தே பார்த்தார்கள். சராசரியாக 32 டாலராக இருந்த தாமதக் கட்டணத்தைப் பெரிய வங்கிகளுக்கு 8 டாலராகக் குறைத்து 2024 மார்ச்சில் பைடன் அரசு விதி கொண்டுவந்தது. வங்கிகளின் சங்கங்களும் வர்த்தக சபையும் டெக்சாஸ் நீதிமன்றத்தில் தடை வாங்கின. ஆட்சி மாறியதும், விதி போட்ட அமைப்பே வங்கிகளோடு சேர்ந்து அதை ரத்து செய்யக் கேட்டது. 2025 ஏப்ரலில் கதை முடிந்தது.

கார்டு வைத்திருப்பவர் இப்போதைக்குச் செய்யக்கூடியவை சில உண்டு. பில் தேதியை ஒருமுறையாவது மாற்றிக்கொள்ளும் உரிமை விதியிலேயே இருக்கிறது; ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் போடுபவர் பணம் வரும் சமயத்துக்கு ஏற்ப அதைத் தள்ளி வைக்கலாம். தவறாகக் கட்டணம் போட்டால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார், 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர். விவரம் கேட்க 14448. உச்சவரம்பே வேண்டும் என்பவர் செஞ்சி எம்எல்ஏவிடம் மனு கொடுத்துப் பயனில்லை. சட்டம் நாடாளுமன்றத்தில் வர வேண்டும். செஞ்சி அடங்கியிருப்பது ஆரணி மக்களவைத் தொகுதியில்.